எபெனேசருக்குப் போகும் வழி

பலெர்மோவில் எனக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை ஒரு கோபக்காரரைக் கவனித்துக்கொள்வது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில்நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடியில் அவர் தனியாக இருந்தார். மனைவி பலெர்மோக்காரி, இறந்து சில வருடங்களாகியிருந்தன. ஒரே மகள் பகேரியாவில் இங்கிலீஷ் டீச்சர், கிழமையில் சில நாட்கள் ரயிலேறி வருவார். "ஒரு இங்கிலேசே, கப்பலில் வேலை செய்த மனிசன், வாய் கொஞ்சம் பொல்லாதது" என்று சொல்லித்தான் என்னை அங்கே அனுப்பினார்கள். நானும் வாசலில் நின்று, மிகப் பணிவாக, "வணக்கம், சிஞ்ஞோர் இங்கிலேசே" என்றேன். கதவு என் மூக்குக்கு நேரே சாத்தப்பட்டது.

கொஞ்ச நேரத்தில் அது திரும்பத் திறந்தது. உள்ளே கைத்தடியூன்றி நின்றவருக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது.

"நான் இங்கிலேசே இல்லை. வேல்ஸ்காரன். அது வேறை நாடு, வேறை மொழி. உன்னை நான் மரொக்கினோ, மொரோக்கோக்காரன் எண்டு கூப்பிட்டால் உனக்கு எப்பிடி இருக்கும்?"

"எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிடுகினம், ஐயா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்ப உள்ளுக்கு வா," என்றார்.

அவர் பேசியது பாதி இத்தாலியன், பாதி சிசிலியன். அதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். இத்தனை வருடம் கழித்து அவருடைய குரல் எனக்குள் அப்படித்தான் கேட்கிறது.

வேலை அப்படியொன்றும் கடினமில்லை. காலையில் கோப்பி, சவரம், குளிப்பு, பிறகு சமையல், பின்னேரம் பல்கனியில் கதிரை போட்டு அவரை இருத்திவிட்டால் ரயில்நிலையத்துக்குப் போகிற வருகிற சனத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருப்பார். நான் மனைவியோடு அல்பெர்கேரியா பகுதியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தேன். காலையில் நடந்தே வருவேன். வரும்வழியில் பல்லரோ சந்தையில் மரக்கறியும் மீனும் வாங்கிக்கொள்வேன். நாலு மாடி ஏறி மூச்சு வாங்க உள்ளே கால் வைத்ததும், பையை இறக்குவதற்கு முன்பே, கதிரையில் இருந்தபடி கேட்பார்.

"எந்த வழியால வந்தனீ?"

"பல்லரோ."

"பிறகு?"

"கார்மினே சதுக்கம்."

"பிறகு?"

"சந்தந்தோனினோ. பிறகு ஸ்தாசியோனே."

அந்த இடத்தில் கையை உயர்த்தி என்னை நிறுத்திவிடுவார். கடைசிப் பெயரை அவர்தான் சொல்வார். "வீடு," என்பார். "இப்ப தொப்பியைக் கழட்டு."

குளிர்காலத்தில் நான் கம்பளித் தொப்பி போடுவேன். கோடையில் தலையில் ஒன்றுமிருக்காது. ஆனாலும் அதே கட்டளைதான். நான் வெறுந்தலையைத் தொட்டுக் கழற்றுவதுபோலக் காட்டினால்தான் அடுத்த வேலைக்கு விடுவார். எனக்கு எரிச்சலாக வரும். வீட்டுக்குப் போய், அந்த 'வீடு', 'தொப்பியைக் கழட்டு' எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டித் தீர்ப்பேன். "கள்ளனை விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறார். வழியிலை நிண்டு ஆரோடையும் கதைச்சிட்டு வாறனோ எண்டு பாக்கிறார்போல."

மனைவியும் நாள் முழுக்க வேறு சிஞ்ஞோராக்களின் வீட்டில் நிலம் துடைத்துவிட்டு வந்தவள். "வயசுபோன மனிசன் கேட்டால் சொல்லிப்போட்டுப் போங்கோவன். உங்களுக்கென்ன, வாய் தேயுதே?" என்பாள்.

எனக்கு வாய் தேயவில்லை. ஆனால் மானம் தேய்ந்தது.

கிழவருக்கு ஊர்ப்பெயர் என்றால் பைத்தியம். எந்த இடத்தின் பெயரைச் சொன்னாலும் அது ஏன் அப்படி வந்தது என்று கிளறாமல் விடமாட்டார். பல்லரோ என்ற பெயரை முன்பு அரபிகள் கொண்டுவந்தார்களாம். அதற்கும் முன்னால் அது இந்தியப் பக்கத்து ராஜா ஒருவரின் பட்டப்பெயராம். அவருடைய நாட்டு மிளகு இங்கே விற்கப்பட்டதாம். "மெய்யோ பொய்யோ தெரியாது, ஆனா சிலர் அப்பிடிச் சொல்லுகினம். உங்கட பக்கத்து ராசாவின்ர சந்தையிலை நீ ஏன் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு வாறாய்?" என்று என்னைச் சீண்டுவார். கத்தரிக்காய்க்காரனிடம் நான் ராஜாவின் கதையை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

ஆனால் அவர் அதிகம் சொன்னது தன் சொந்த இடத்தைப் பற்றித்தான். அவருடைய நாட்டில் அருகருகே கிடக்கும் சில ஊர்களைச் சேர்த்து ஒரு சமூகம் என்பார்களாம். அவருடைய சமூகம் ஒரு மலைச்சரிவில் இருந்தது. மேலே சிலேட் கல் வெட்டும் மலை. கீழே அந்தக் கல்லைக் கப்பலில் ஏற்றும் துறை. துறையின் பெயருக்கு உப்புநீர் ஆலை என்று பொருள். கடல் பெருகி வற்றும் நீரில் சுழன்று மா அரைத்த ஆலை ஒன்று ஒருகாலத்தில் அங்கே இருந்ததாம். அங்கிருந்து மேலே ஏறினால் புல்வெளியின் கீழ்முனை என்று ஒரு ஊர். அதற்கும் மேலே பாலத்தடித் துண்டு நிலம் என்று இன்னொன்று. இடையில் 'லான்' என்று தொடங்கும் ஒரு ஊரும் உண்டு. லான் என்று வந்தால், எப்போதோ ஒரு துறவி தனியாக வந்து, ஒரு துண்டு நிலத்துக்கு வேலி அடைத்து, உள்ளே இருந்து செபம் செய்த இடம் என்று அர்த்தமாம். பின்னால் வந்தவர்கள் அந்தத் துறவியின் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள்.

இந்தப் பெயர்களை அவருடைய மொழியில் அவர் எனக்குச் சொன்னதேயில்லை. ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "உன்ர வாய்க்குள்ள போனால் அதுகள் நொண்டிக்கொண்டுதான் வெளியிலை வரும்," என்றார். பொருளை மட்டும் இத்தாலியனில் சொல்வார். எனக்குத் தெரிந்த ஒரே பெயர் அவர் பிறந்த ஊரின் பெயர். எபெனேசர். அது நாங்கள் கோயிலில் கேட்டு வளர்ந்த வேதப் பெயர் என்பதால் மனதில் நின்றது.

அந்த ஊரின் கதையை எத்தனை தரம் கேட்டிருப்பேன்! கல்லுடைக்க வந்தவர்கள் முதலில் ஒரு செபக்கூடம் கட்டி, அதற்கு எபெனேசர் என்று பெயர் வைத்தார்கள். உதவியின் கல் என்று பொருள். பழைய காலத்தில் ஒரு தீர்க்கதரிசி, ஆபத்திலிருந்து சனம் தப்பிய இடத்தில் ஒரு கல்லை நட்டு, இவ்வளவு தூரம் வர உதவி கிடைத்தது என்று சொல்லி வைத்த பெயர் அது. செபக்கூடத்தைச் சுற்றி வீடுகள் வந்தன. வீடுகள் ஊராகி, ஊருக்கும் அதே பெயராயிற்று. பிறகு ஒரு தலைமுறைக்கு அந்தப் பெயர் வெட்கமாகிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர் கேலி செய்தார்களாம். கூடிப் பேசி, அந்தப் பழைய துறவியின் பெயரை ஒட்டி ஊருக்குப் புதுப்பெயர் வைத்தார்கள். கிழவரின் தகப்பன் மட்டும் சாகும்வரை எபெனேசர் என்றே சொன்னார். மகனும் அதே பிடிவாதம்.

"உதவி கிடைச்சது எண்டு சொல்லுறதுக்கு ஒரு ஊருக்கு என்ன வெக்கம்?" என்று கேட்பார். பெயரை மாற்றியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாததால் என்னைப் பார்த்துத்தான் கேட்பார். நானே கைநாட்டு வைத்து மாற்றியதுபோல முறைப்பார்.

நான் பெர்மெஸ்ஸோவை, அதாவது இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தது. கொஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோருக்குத் தானும் வருவேன் என்று கிழவர் நின்றார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், மகள் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. கைத்தடியை ஊன்றி, ஒவ்வொரு படியையும் வைதுகொண்டே நாலு மாடி இறங்கி, என்னோடு வரிசையில் வந்து நின்றார். இந்த நகரத்தில் எனக்காக வரிசையில் நின்ற முதல் மனிதர் அவர்தான். அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் கைத்தடியால் ஒன்று போட்டிருப்பார்.

வரிசையில் நிற்கும்போது என் கடுதாசியில் பிறந்த இடம் என்ற இடத்தைப் பார்த்தார். "இது என்ன பேர்? என்ன அர்த்தம்?"

"பள்ளிமுனை" என்றேன். மன்னாரில், கடலோரம். அதுவரை அந்தப் பெயருக்கு ஒரு அர்த்தம் இருக்குமென்று நான் நினைத்துப் பார்த்ததேயில்லை. யோசித்து யோசித்துச் சொன்னேன். "முனை எண்டால் கடலுக்குள்ள நீட்டிக்கொண்டு நிக்கிற நிலம். பள்ளி எண்டால் சாமி கும்பிடுற இடம். எந்தச் சாமி எண்டு கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்லுவினம். இப்ப இருக்கிறது லூசியம்மாளின்ர கோயில்."

"ஆர், எங்கட சாந்த லூச்சியாவோ? சிசிலிக்காரி!" வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "முனையிலை ஒரு கோயில். அதைச் சுத்தி ஒரு ஊர். நீயும் வேல்ஸ்காரன்தான்ரா."

அந்த வருடமும் அடுத்த வருடமும் இப்படியே போயின. பிறகு ஒரு மழைக்காலத் தொடக்கத்தில், காலை நான் கதவைத் திறந்தபோது எந்த வழியால் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கிழவர் குசினி வாசலில் விழுந்து கிடந்தார். பாரிசவாதம். அம்புலன்ஸ்காரர் நாற்காலியில் கட்டி இறக்கும்போது படிக்கட்டில் ஈரக்காற்று வீசியது. என் தொப்பியைக் கழற்றி அவருடைய தலையில் இழுத்துவிட்டேன். கையில் வேறு எதுவும் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவரின் வலது பக்கம் முழுதும் செத்திருந்தது. இத்தாலியன் போய்விட்டது. இங்கிலீஷும் போய்விட்டது. வாயிலிருந்து வந்தவை எங்கள் யாருக்கும் விளங்காத சத்தங்கள். பாம்பு சீறுவதுபோல ஒன்று, தொண்டைக்குள் உரசுவதுபோல ஒன்று. "அதுக்குள்ள அர்த்தம் தேடாதேங்கோ" என்று டாக்டர் சொன்னாராம். மகள் கலங்கிப்போனார். "அப்பாவின்ர பழைய மொழியாயும் இருக்கலாம். எனக்கு அதைப் படிப்பிச்சுத் தரேல்லை. உனக்குப் பிழைப்புக்கு உதவாது எண்டு இங்கிலீஷைத்தான் தந்தவர். ஆனா என்ன கேட்டாலும் பதிலாயில்லையே. தண்ணி வேணுமா எண்டு கேட்டாலும் அதே சத்தங்கள்தான்."

இன்னொன்றும் இருந்தது. தொப்பி. என் தொப்பியை அவர் தலையிலிருந்து எடுக்க விடவில்லை. குளிக்கவார்க்கும்போதும் விடவில்லை, தலை வாரி இழுக்கவும் விடவில்லை. எடுக்கப் போனால் நல்ல கையால் அடிப்பார். ஊத்தையாகிப் போன அந்தத் தொப்பியோடு தலையணையில் சாய்ந்து கிடப்பார். மகளுக்கு அதைப் பார்க்கவே அழுகை வரும்.

பின்னேரங்களில்தான் அது நடக்கும். பல்கனிக் கதவருகே கட்டிலைப் போட்டிருந்தோம். தூரத்தில் ஏதோ ஒரு கோயில் மணி அடிக்கும். கிழவர் வாய் திறப்பார். ஒரு சத்தம், இடைவெளி. இன்னொரு சத்தம், இடைவெளி. ஒவ்வொன்றின் முடிவிலும் குரல் கொஞ்சம் மேலே போய், யாருக்கோ காத்துக்கொண்டு நிற்கும். மன்னார்ப் பக்கத்துக் கோயிலில் வளர்ந்தவனுக்கு அந்த இடைவெளி தெரியாமலிருக்குமா? மன்றாட்டு மாலையில் ஒருவர் ஒரு பெயரைச் சொல்லி நிறுத்துவார். சனம் முழுக்கப் பதில் சொல்லும். கிழவரின் இரண்டாவது சத்தம் பெத்தேல் என்று எனக்குத் தெளிவாகவே கேட்டது. வேதப் பெயர். அதோடு என் சந்தேகம் தீர்ந்தது. மனிதர் செபம் சொல்கிறார். அடுத்த இடைவெளியில் என் வாய் என்னைக் கேளாமலே சொன்னது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

கிழவர் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் என்னைச் சரியாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடுத்ததைச் சொன்னார். நானும் சொன்னேன். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் போய், கடைசியில் ஒரு சத்தத்தில் நின்று, என்னையே பார்ப்பார். நான் வழக்கம்போலப் பதில் சொல்வேன். அந்த இடத்தில் மட்டும் என் பதில் அவருக்குப் போதவில்லை. தலையை ஆட்டுவார், நல்ல கையால் கட்டிலில் அடிப்பார், முதலிலிருந்து தொடங்குவார். களைத்துத் தூங்கும்வரை அப்படியே.

மனைவியிடம் சொன்னபோது அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "கோயில் பக்கமே போகாத மனிசன் எண்டு சொன்னியள்! மாதா மனசைத் திருப்பிப்போட்டா." அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்காக ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினாள். நானும் பெருமையாகத்தான் இருந்தேன்.

மகள் ஒருநாள் பள்ளிக்கூடம் முடிந்து நேரே வந்தார். நாங்கள் இருவரும் மன்றாடிக்கொண்டிருப்பதைக் கதவருகில் நின்று கேட்டார். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டபோது விளக்கினேன். அவருடைய முகம் விழுந்துவிட்டது.

"என்ர அப்பா புரட்டஸ்தாந்துக்காரர், மழைக்குக்கூடக் கத்தோலிக்கக் கோயிலுக்குள்ள ஒதுங்கமாட்டார். எனக்கு ஞானஸ்நானம் குடுக்கிறதுக்கு அம்மா அவரோடை எவ்வளவு சண்டை பிடிச்சவ எண்டு உங்களுக்குத் தெரியாது. அவர் இப்ப புனிதர்களைக் கூப்பிட்டு மன்றாடுறாரெண்டால், இஞ்சை படுத்திருக்கிறது என்ர அப்பா இல்லை."

பிறகு மெதுவாகச் சொன்னார். கன்னியாஸ்திரிமார் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் நத்தார் பண்டிகைக்குப் பிறகு ஒரு அறை காலியாகிறது. செபம்தான் அவருக்கு ஆறுதலென்றால் அங்கே நல்லது. இந்தக் கிழமை முடிவு சொல்ல வேண்டும்.

"ஐயாவுக்கு இந்த வீடு பழகினது, சிஞ்ஞோரா" என்றேன்.

"வீடு எது எண்டு தெரியாதவருக்கு எந்த வீடெண்டால் என்ன?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அழுது ஓய்ந்த குரலில் சொன்னார்.

எனக்கு வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட, நான் போட்ட பதில்களே அவரை அந்தக் கன்னியர் மடத்துப் படிவரை கொண்டுபோய் விட்டுவிட்டனவே என்றுதான் என்னையே நொந்துகொண்டேன். அங்கே கதவைத் திறந்து உள்ளே வருகிறவர்களிடம் எந்த வழியால் வந்தாய் என்று கேட்க யாருக்கு நேரமிருக்கும்? அன்றுதான் அந்தக் கேள்வியை நான் எவ்வளவு தேடுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

லூசியம்மாளின் திருநாள் வந்தது. அன்று பலெர்மோவில் யாரும் பாணோ பாஸ்தாவோ சாப்பிடமாட்டார்கள். தெருவெல்லாம் சோற்று உருண்டையைப் பொரித்த அரஞ்சினே மணக்கும். ஊரில் நான் கும்பிட்ட அம்மாளுக்கு இங்கே இப்படியொரு திருநாள். காலையில் அவவிடம் என் ஊர்ப்பெயரைச் சொல்லி, கிழவரை இந்த வீட்டிலேயே விட்டுவிடு தாயே என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். பின்னேரம் மகள் ஒரு பெட்டி அரஞ்சினே வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் இல்லத்துக்குப் பதில் சொல்வதாக முடிவு செய்திருந்தார்.

பெட்டியைத் திறக்கும்போது ரெலிபோன் அடித்தது. வேல்ஸிலிருந்து கிழவரின் தங்கை. வருடத்தில் ஒருமுறை, நத்தாருக்கு முன்னால், அவர் இப்படி அழைப்பு எடுப்பது வழக்கம். மகள் முன்பே செய்தி எழுதிப் போட்டிருந்தார், ஆனால் தபால் போய்ச் சேரவில்லை. இங்கிலீஷில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லவேண்டி வந்தது. பேசிக்கொண்டே அழுதார். பிறகு என்னைப் பார்த்து, "அவரின்ர குரலை ஒருக்காக் கேக்கோணுமாம். காதிலை வையுங்கோ" என்றார்.

நான் ரிசீவரைக் கிழவரின் காதுக்கும் வாய்க்கும் நடுவே பிடித்தேன். உள்ளே ஒரு பெண்குரல் ஏதோ சொன்னது. கிழவர் நிமிர்ந்தார். பிறகு தொடங்கினார், முதல் சத்தத்திலிருந்து. பழக்க தோஷத்தில் நானும் ஒவ்வொன்றுக்கும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று போட்டேன். கடைசிச் சத்தத்தில் அவர் நின்றார். ரிசீவருக்குள் தங்கை சிரிப்பதும் கேட்டது, அழுவதும் கேட்டது. எது எது என்று பிரிக்க முடியவில்லை. ரிசீவரை மகளிடம் கொடுத்துவிட்டேன்.

மகள் நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"அது செபமில்லையாம். வழியாம்."

"என்ன வழி?"

"துறையிலிருந்து அவையின்ர வீட்டுக்கு ஏறிப்போற வழி. எல்லாம் ஊர்ப்பெயர். வெலின்ஹெலி, பெத்தேல், லான்தெய்னியோலன், பெனிசார்வைன், க்லூட்-அ-பொந்த்."

அப்போதுதான் அவற்றின் சொந்தக் குரலில் அந்தப் பெயர்களை முதன்முறையாகக் கேட்கிறேன் என்று விளங்கியது. உப்புநீர் ஆலை. புல்வெளியின் கீழ்முனை. பாலத்தடித் துண்டு நிலம். லானில் இருந்தவர் நிசமான துறவி, அந்த ஒரு மன்றாட்டாவது உரிய ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கும். மற்றபடி இத்தனை நாளும் நான் ஒரு மா ஆலையிடமும் ஒரு பாலத்தடி நிலத்திடமும் எனக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

தங்கை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் கேட்டுக்கேட்டு எனக்குச் சொன்னார். அவர்களுடைய தகப்பன் துறைக்குப் போய் வரும் நாட்களில், வீட்டு வாசலில் நின்று, வந்த வழியைப் பெயர் பெயராகச் சொல்வாராம். கடைசிப் பெயரை மட்டும் விட்டுவிடுவார். அதை உள்ளே இருப்பவர்கள் சொல்லவேண்டும். அவர்கள் சொன்ன பிறகுதான் தொப்பியைக் கழற்றி உள்ளே வருவார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பிறகு அண்ணன் கப்பலில் போய் வரும்போதும் வாசலில் அப்படியே நின்றானாம்.

"அவன் எங்கட வாசலிலை நிக்கிறான், எண்டு சொல்லுறா," என்றார் மகள். "ஒருத்தரும் அவனை உள்ளுக்குக் கூப்பிடேல்லையா எண்டு கேக்கிறா."

எந்த வழியால வந்தனீ? பல்லரோ, கார்மினே, சந்தந்தோனினோ, ஸ்தாசியோனே. வீடு. இப்ப தொப்பியைக் கழட்டு. அந்த மனிதர் என்னை ஒருநாளும் விசாரிக்கவில்லை. பிறந்த ஊரை விட்டு வந்து, மரொக்கினோ என்று கூப்பிட்டவர்களுக்கெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, அவர் ஒவ்வொரு நாளும் உள்ளே கூப்பிட்டிருக்கிறார். அதை மகளுக்கு இத்தாலியனில் சொல்ல முயன்றேன். என் இத்தாலியன் அந்த நேரம் பார்த்துக் காலை வாரியது. ஆனாலும் அவருக்கு விளங்கியது.

அவர் கட்டிலில் வந்து இருந்து, தகப்பனின் நல்ல கையைப் பிடித்தார். கிழவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தொடங்கினார். வெலின்ஹெலி. பெத்தேல். லான்தெய்னியோலன். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். பெனிசார்வைன். க்லூட்-அ-பொந்த். குரல் மேலே போய், அங்கேயே நின்றது.

"எபெனேசர்," என்றார் மகள்.

கிழவர் அசையவில்லை. பிறகு தன் கையை மகளின் பிடியிலிருந்து விடுவித்தார். அதை மெல்ல மெல்லத் தலைவரை கொண்டுபோனார். தொப்பியைப் பிடித்து இழுத்தார். அது ஒரு காதில் மாட்டிக்கொண்டது. நான் உதவப் போகவில்லை. திரும்ப இழுத்தார். நரைத்த மயிர் தலையோடு ஒட்டிக் கிடந்தது. ஊத்தைத் தொப்பியை மகளிடம் நீட்டினார். வேலை முடிந்து வந்த ஒரு மனிதர் வீட்டுக்காரியிடம் கொடுப்பதுபோல, பார்க்காமலே நீட்டினார்.

மகள் அதை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு விம்மினார். ரிசீவர் மேசையில் கிடந்து தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தது. நான்தான் எடுத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ஹவுஸ் கம், மேடம். ஹீ ஹவுஸ் கம்" என்றேன். தங்கைக்கு அது போதுமாயிருந்தது.

அடுத்த நாள் மகள் இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கிழவர் அதே கட்டிலில், அதே பல்கனிக் கதவடியில் இன்னும் இரண்டு குளிர்காலம் இருந்தார். பேச்சு திரும்ப வரவில்லை. ஆனால் பின்னேரங்களில் வழியைச் சொல்வார். மகள் இருந்தால் மகள், இல்லாவிட்டால் நான், கடைசிப் பெயரைச் சொல்வோம். தலையில் தொப்பி இல்லாத நாளிலும் கையைத் தலைக்குக் கொண்டுபோவார். முன்பு நான் வெறுந்தலையைத் தொட்டுக் காட்டியதுபோலவே. என் வாயிலும் அந்தப் பெயர் நொண்டாமல்தான் வந்தது. அவர் குறை சொல்லவில்லை.

பெர்மெஸ்ஸோவுக்காக வரிசையில் நின்றதற்கும், என் ஊர்ப்பெயரின் அர்த்தத்தை என்னிடமே கேட்டதற்கும் அவருக்கு நான் நன்றி சொன்னதில்லை. நன்றி என்று வாயெடுத்தால் முறைக்கிற மனிதருக்கு எப்படிச் சொல்வது? இப்போது இதை எழுதுகிறேன். இவ்வளவு தூரம் வர எனக்கு உதவி கிடைத்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்தத் திருநாளன்று மகள் மீதி அரஞ்சினேயைக் கட்டி என் கையில் தந்துவிட்டார். சூடு ஆறுமுன் கொண்டுபோக வேண்டுமென்று வேகமாக நடந்தேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் உள்ளே போகவில்லை. குசினியில் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. வாசலில் நின்றபடியே சத்தமாகச் சொன்னேன்.

"ஸ்தாசியோனே. சந்தந்தோனினோ. கார்மினே. பல்லரோ."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. மனைவி ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, வாசலிலை நிண்டு தெருப்பேரெல்லாம் சொல்லுறியள்? காய்ச்சல் ஏதும் காயுதோ?"

"கடைசிப் பேரை நீர் சொல்லவேணும். சொன்னால்தான் நான் உள்ளுக்கு வரலாம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அங்கே என்ன கண்டாளோ, கேலி செய்யவில்லை.

"வீடு," என்றாள். "தொப்பியைக் கழட்டிப்போட்டு வாங்கோ, சாப்பாடு ஆறுது."